தாய்மாமனும் உளநூலும்: சுதிர் கக்கரின் நூல் குறித்து ஒரு திறனாய்வு

குடும்பம், திருமணம், பிள்ளை வளர்ப்பு ஆகியவை குறித்து அறிஞர்கள் வகுத்த கோட்பாடுகள் பல்கலைக்கழக நூலகங்களோடு நின்றுவிடுவதில்லை. பள்ளியில் நடைபெறும் பெற்றோர் கூட்டத்திலும், வார இதழ்களின் கேள்வி பதில் பகுதியிலும், திருமண ஆலோசகரின் அறிவுரையிலும் அவை உருமாறி நம்மை வந்தடைகின்றன. “பையன் அம்மாவின் முந்தானையை விட்டு இன்னும் விலகவில்லை” என்பர் ஒருசாரார். “கூட்டுக் குடும்பம் குலைந்ததால் வந்த கேடு இது” என்பர் மற்றொரு சாரார். இத்தகைய தீர்ப்புகளைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், அவற்றின் பின்னே நிற்கும் கோட்பாடு எந்த மக்களைக் கண்டு எழுந்தது, எவ்வகை வீட்டை அளக்கச் செய்த கோல் அது என்று வினவுவது அரிது. பணியின் பொருட்டுத் தாயகத்தை விட்டு வடபுலத்து நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா பிறரினும் இன்றியமையாதது. நாம் பேசும் உறவுமொழி ஒன்று. நம்மைச் சூழ்ந்துள்ளோரின் உறவுமொழி வேறொன்று. நம் பிள்ளைகளோ இரண்டுக்கும் நடுவே வளர்கின்றனர்.

இவ்வினாவை ஆராய ஏற்ற நூலாக, சுதிர் கக்கர் ஆங்கிலத்தில் எழுதி 1978இல் வெளியான ‘தி இன்னர் வேர்ல்டு’ என்னும் நூலை எடுத்துக்கொள்கிறோம். ‘அக உலகம்’ எனத் தமிழில் இதனைச் சுட்டலாம். இந்தியரின் குழந்தைப் பருவத்தையும் சமூகத்தையும் உளப்பகுப்பாய்வு முறையில் நோக்கிய நூல்களுள் இது தலையாயது. நைனிதாலில் 1938இல் பிறந்த கக்கர் முதலில் பொறியியலும் பின்னர்ப் பொருளியலும் பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய ஆய்வுக்காக அகமதாபாத் வந்திருந்த எரிக் எரிக்சனைச் சந்தித்தபின் உளவியலின்பால் திரும்பினார். ஜெர்மனியில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றுத் தில்லியில் மருத்துவம் புரிந்தார். அவர் 2024இல் மறைந்தபோது, இந்திய மனத்தை அயலார் இழிவாகப் பேசிய காலத்தில் பரிவோடு பேசியவர் எனப் பலரும் நினைவுகூர்ந்தனர். அப்பாராட்டு தகும். ஆயினும் பரிவோடு எழுதிய நூலையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே திறனாய்வின் கடமை.

நூலின் வாதம்

கக்கரின் வாதம் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி போன்றது. மகள் பிறந்த வீட்டில் ஒரு விருந்தாளி; என்றேனும் பிறர் வீடு செல்வதற்காகவே வளர்க்கப்படுபவள். இது முதற் கண்ணி. மணமானதும் அவள் முன்பின் அறியாத வீட்டில், அறியாத மனிதர் நடுவே, படிவரிசையின் அடியில் மருமகளாகச் சென்று நிற்கிறாள். இது இரண்டாவது. அவ்வீட்டில் அவளுக்கு மதிப்பும் காப்பும் தருவது தாய்மையே, அதிலும் ஆண்மகவைப் பெறுவதே. ஆகவே தன் அன்பு, ஏக்கம், அச்சம் அனைத்தையும் அவள் மகன்மீதே சொரிகிறாள். இது மூன்றாவது. நாலைந்து வயதுவரை அவள் மடியிலும் பெண்டிர் நடுவிலும் தடையின்றி வளர்ந்த சிறுவன் பின்னர்த் திடீரென ஆடவர் உலகின் ஒழுங்குக்குள் புகுத்தப்படுகிறான். இதனை ‘இரண்டாம் பிறப்பு’ என்கிறார் கக்கர். கூட்டுக் குடும்பத்தில் தந்தை தன் பிள்ளையிடம் தனிப்பாசம் காட்டுதல் முறையன்று என்பதால் அவரும் சற்று எட்டியே நிற்கிறார். இவ்வாறு வளர்ந்த ஆணின் உள்ளத்தில் தாயின் உருவம் அழியாது தங்கி, அருள்பவளாகவும் அச்சுறுத்துபவளாகவும் இருமுகம் காட்டுகிறது என்பது சங்கிலியின் இறுதிக் கண்ணி.

இவ்வாதத்தின் வலிமையை நாம் மறுக்கவில்லை. பிள்ளையின் மனத்தைப் பிள்ளையிடம் மட்டும் தேடாமல், தாய் எந்நிலையில் அவ்வீட்டில் வாழ்கிறாள் என்பதிலிருந்து கக்கர் தொடங்குகிறார். தாயின் நிலையைத் திருமண முறை முடிவு செய்கிறது. தாயின் நிலை பிள்ளையின் உள்ளத்தை உருவாக்குகிறது. இது அரிய பார்வை. ஆனால் இதே பார்வையிலிருந்து ஒரு கேள்வியும் பிறக்கிறது. திருமண முறை வேறாக உள்ள மக்களிடத்தில் முதற் கண்ணியே மாறிவிடுமாயின், எஞ்சிய கண்ணிகள் அப்படியே நிற்குமா?

இவ்வாறு கேட்பது புதுமையன்று. வியன்னா நகரத்து இல்லங்களைக் கண்டு ஃபிராய்டு வகுத்த தந்தை–மகன் பகைமைக் கோட்பாட்டை, மாலினோவ்ஸ்கி 1927இல் வெளியிட்ட நூலில் இவ்வண்ணமே சோதித்தார். நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்டுத் தீவுகளில் தாய்வழி மரபே நிலவுகிறது. அங்கே அதிகாரம் செலுத்துபவன் தாய்மாமன். தந்தையோ விளையாட்டுத் தோழன். ஆதலால் அங்குள்ள சிறுவனின் உள்ளத்து முரண்பாடு தந்தையை நோக்காது மாமனை நோக்கியே எழுகிறது என்றார் அவர். அவர் முடிவை ஃபிராய்டின் வழியினர் ஏற்கவில்லை. எனினும் குடும்ப அமைப்பு மாறினால் உள்ளத்தின் அமைப்பும் மாறக்கூடும் என்னும் வினாவை அதன்பின் எவரும் தள்ளிவிட இயலவில்லை. மாலினோவ்ஸ்கி ஃபிராய்டிடம் கேட்டதையே நாம் கக்கரிடம் கேட்கிறோம்.

உறவுச் சொற்கள் கூறும் செய்தி

தமிழரின் உறவுச் சொற்கள் உலக மானிடவியலின் தொடக்கத்திலேயே இடம்பெற்றவை என்பதை நம்மவர் பலர் அறியார். அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், தென்னிந்தியாவில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார் வாயிலாகத் தமிழ் உறவுப் பெயர்களைத் திரட்டி, அவை தம் நாட்டு இராக்குவா பழங்குடியினரின் உறவுமுறையை ஒத்திருப்பது கண்டு வியந்தார். அவருடைய பெருநூல் 1871இல் வெளிவந்தது. அவ்வொற்றுமையிலிருந்து அவர் வருவித்த வரலாற்று முடிவுகள் பிற்காலத்தில் நிலைபெறவில்லை. ஆயினும் உறவுச் சொற்களை ஓர் ஒழுங்கமைந்த முறையாகக் கற்க வேண்டும் என்னும் அவரது நெறி நிலைத்தது.

அவ்வொழுங்கு யாது? தந்தையின் உடன்பிறந்த ஆடவர் பெரியப்பா, சித்தப்பா. அவர்களும் ஒருவகையில் அப்பாக்களே. தாயின் உடன்பிறந்த மகளிர் பெரியம்மா, சித்தி, அவர்களும் அம்மாக்களே. ஆகவே அவர்களுடைய மக்கள் நமக்கு அண்ணன், தங்கை. தந்தையின் சகோதரியோ அத்தை. தாயின் சகோதரனோ மாமா. இவர்களுடைய மக்கள் உடன்பிறந்தாராகார். முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் ஆவர். பிறந்த நாள்முதல் ‘மாமா’ என்று அழைக்கப்பட்டவரே மாமனார் ஆகிறார். ‘அத்தை’ என்று அழைக்கப்பட்டவரே மாமியார் ஆகிறார். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் அம்மான், அம்மாஞ்சி, அத்தங்காள், மச்சான், மதினி எனச் சொற்கள் வேறுபடினும், பெரும்பாலான தமிழ்ச் சமூகங்களில் உள்ளமைப்பு ஒன்றே.

இந்தியிலோ தந்தையின் சகோதரி புவா, மாமியார் சாஸ். தாயின் சகோதரர் மாமா, மாமனார் சசுர். இரத்த உறவுக்குரிய சொல் மண உறவில் வாராது. மண உறவுக்குரிய சொல் இரத்த உறவில் வாராது. இவ்வேறுபாட்டை முறையாக விளக்கியவர் புனேயின் டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய ஐராவதி கார்வே. இந்திய உறவுமுறை குறித்து 1953இல் அவர் வெளியிட்ட நூல், நாட்டை நான்கு உறவு மண்டலங்களாகப் பகுத்தது. வடக்கே உறவிலும் ஊரிலும் பெண்ணெடுத்தல் தவிர்க்கப்படும். மகள் தொலைவான, அறியாத வீட்டுக்குப் போகிறாள். அங்கே முக்காடிட்டு நிற்கிறாள். தெற்கே மணமகள் புகும் வீடு பெரும்பாலும் அவள் சிறுமியாய் ஓடியாடிய வீடே என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தென்னகத்தில் மணவுறவும் இரத்த உறவைப் போலவே தலைமுறை தலைமுறையாக வழிவழி வருவது என்று பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1957இல் எழுதினார். தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட ‘திராவிடியன் கின்ஷிப்’ இவ்வமைப்பின் வரலாற்றை ஆராய்ந்தது.

கார்வேயின் நூலுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பின் வந்தது கக்கரின் நூல். மேற்சாதி இந்துக் குடும்பங்களையே தாம் பெரிதும் கருதியதை அவர் மறைக்கவில்லை. இராஜஸ்தானத்து மேற்சாதியினரைப் பற்றி கார்ஸ்டேர்ஸ் 1957இல் வெளியிட்டது போன்ற வடபுல ஆய்வுகளே அவருக்குப் பெரிதும் துணைநின்றன. இவற்றிலிருந்து எழுந்த சித்திரத்துக்கு அவர் ‘இந்தியர்’ என்று பெயரிட்டார். ‘வடபுலத்து மேற்சாதிக் குடும்பம்’ என்று பெயரிட்டிருப்பின் நமக்கு மறுப்பு ஏதுமில்லை.

சங்கிலி எங்கே தளர்கிறது?

மாமன் வீட்டுக்கு மருமகளாய்ச் செல்லும் பெண் அங்கே அந்நியள் அல்லள். மாமியார் அவளுக்கு அத்தை. சிறுவயதில் தலைவாரிப் பின்னியவள். அவளுடைய தாய்வீடு அவளைக் கைகழுவிவிடுவதும் இல்லை. தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துதல், பூப்பு நீராட்டில் மாமன் சீர், மணவிழாவில் மாமனுக்குரிய முதன்மை என, பிறந்த வீட்டின் கடமை அவள் பிள்ளைகள் வழியாகத் தொடர்கிறது. ‘விருந்தாளி மகள்’ என்னும் முதற் கண்ணியும், ‘அந்நியர் நடுவே மருமகள்’ என்னும் இரண்டாம் கண்ணியும் இங்கே தளர்கின்றன.

மகனின் நிலையும் வேறுபடுகிறது. தந்தை கண்டிப்பு மிக்கவராய் எட்டி நிற்பினும், தாய்மாமன் கிட்டி நிற்கிறான். தந்தைவழி மரபுடைய மக்களிடத்தில் தந்தையிடம் அச்சமும் தாய்மாமனிடம் உரிமையும் பிள்ளைக்கு வாய்ப்பதை ரேட்கிளிஃப்-பிரவுன் தென்னாப்பிரிக்கச் சான்றுகளைக் கொண்டு 1924இலேயே எழுதினார். தாயின் சாயலும் ஆண்மையின் ஒழுங்கும் ஒருசேர அமைந்தவன் மாமன். பெண்டிர் உலகிலிருந்து ஆடவர் உலகுக்குச் செல்லும் சிறுவனுக்கு அவன் இடையில் இட்ட பாலம். பாலம் உள்ள ஆற்றைக் கடப்பதை ‘இரண்டாம் பிறப்பு’ என்று கூறத் தேவையில்லை. கக்கரின் கோட்பாட்டில் மாமனுக்கு இத்தகைய இடம் வகுக்கப்படாதது பெருங்குறை.

தாயன்பு பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், தமிழ்ப் புலவர் ஒருவரிடம் திருக்கோவையார் பாடம் கேட்டு, அவருடைய குடும்பத்தாரோடே தங்கி வாழ்ந்தார். அவ்வில்லத்தில் ‘அன்பு’ என்னும் சொல் எவ்வாறெல்லாம் பொருள்படுகிறது என்பதை ஆராய்ந்த அவரது நூல் 1990இல் வெளியானது. அங்கே தாய் தன் பிள்ளைமீதுள்ள பாசத்தை அடக்கியே காட்டுகிறாள். கண்ணேறுக்கு அஞ்சித் தன் குழந்தையை ஆசையோடு உற்றுநோக்கத் தயங்குகிறாள். பிறர் பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிறாள். அடக்கமும் பழக்கமும், சில வேளைகளில் கொடுமையும்கூட அன்பின் வடிவங்களாக அங்கே கருதப்படுவதை டிராவிக் காட்டுகிறார். எல்லையற்றுச் சொரியும் தாயன்பு என்னும் கக்கரின் சித்திரத்தோடு இது பொருந்தவில்லை. ஒரே ஒரு குடும்பத்தைக் கண்டு எழுதியது என்பது டிராவிக்கின் எல்லை. அவ்வெல்லையைத் தம் நூற்பெயரிலேயே அறிவித்தது அவரது நேர்மை.

தற்பெருமைக்கு இடமில்லை

இவற்றைப் படித்தவுடன், “நம் முறையே உயர்ந்தது, நம் பெண்கள் காக்கப்பட்டவர்கள்” என்று மேடையில் முழங்கும் ஆசை எழும். ஆண்டுமலர்க் கட்டுரைகளில் அவ்வாசைக்கு இடங்கொடுப்பதும் வழக்கம். அதனை நாம் தவிர்க்கவே விரும்புகிறோம்.

வடபுலம், தென்புலம் ஆகியவற்றின் உறவு அமைப்புகளை மக்கள்தொகைக் குறிப்புகளோடு ஒப்பிட்ட டைசன், மூர் ஆகிய இருவரும், தென்னக உறவுமுறை பெண்ணுக்குக் கூடுதல் உரிமையும் அவள் குழந்தைகளுக்குக் கூடுதல் வாழ்வும் தருவதாக 1983இல் எழுதினர். மூன்றே ஆண்டுகள் கழிந்தன. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண்சிசுக்கள் கொல்லப்படும் செய்தி 1986இல் நாடெங்கும் தெரியவந்தது. அதனைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. மாமன் மகளை மணக்கும் வழக்கம் ஆழ வேரூன்றிய மண்ணிலேதான் இது நடந்தது. சீர் வரிசையாக அன்பு வெளிப்பட்ட பாதையிலேயே வரதட்சணையும் வந்தது. உறவுச்சொல் ஒருத்தியை அறிமுகமான வீட்டுக்கு அனுப்பலாம். அவ்வீட்டில் அவள் மதிக்கப்படுவாள் என்பதற்கு அச்சொல் பிணை நிற்காது.

மேலும், ‘முறை’ என்பது உரிமையாகத் தோன்றினும் பல பெண்களுக்கு அது தளையாகவே இருந்தது. அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்த இல்லங்களில் அகவை வேறுபாட்டையோ அவள் விருப்பத்தையோ எத்தனை பேர் கேட்டனர்? மருத்துவமும் தன் எச்சரிக்கையைக் கூறியுள்ளது. மாமன் மக்களும் அத்தை மக்களும் தம் மரபணுக்களில் சராசரி எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டோர். மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கு. பரம்பரை நோய்கள் சில இத்திருமணங்களில் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். இருந்தும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்களே. ஆகவே நாம் இம்முறையை மீட்டெடுக்க வேண்டும் என்று வாதாடவில்லை. பிள்ளையின் உள்ளத்தை ஆராய்வோர் அப்பிள்ளை எந்த உறவு வலையில் பிறந்தது என்பதை முதலில் அறிய வேண்டும் என்றே வாதாடுகிறோம்.

இலக்கியம் தரும் சான்று

உளநூலார் நோயாளியிடம் கேட்டறிவதைப் புனைகதை ஆசிரியர் தாமே கண்டறிகின்றனர். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வெளியானது. அலங்காரம் தன் மகன் அப்புவைத் தானே தன்னிடமிருந்து பிரித்து வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். தன் வாழ்வின் பிழைக்கு அவனுடைய வேதப்படிப்பே கழுவாய் என்று கருதுகிறாள். மகன்மீது தாய் சுமத்தும் பாரம் என்னும் அளவில் கக்கரின் கோட்பாடு இங்கே ஒளி தருகிறது. ஆனால் அப்புவின் கண்ணில் தெரியும் தாயோடு ஜானகிராமன் நின்றுவிடவில்லை. கணவன், காதலன், குற்றவுணர்வு, பெருமிதம் என அலங்காரத்துக்கு மகனுக்கு அப்பாற்பட்ட ஒரு வாழ்வு உண்டு. மகனால் நிறைவேறாத கணக்கை இறுதியில் அவள் காசியில் தீர்க்கப் புறப்படுகிறாள். கக்கரின் நூலில் தாய் மகனின் உள்ளத்தில் பதிந்த உருவமாகவே பெரிதும் வருகிறாள்; ஜானகிராமனின் நாவலில் அவள் ஓர் ஆள். நம் நோக்கில் நாவலாசிரியர் கண்டதே முழுமை.

பழைய இலக்கியத்திலும் ஒரு குறிப்பைக் காட்டலாம். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவங்களாகப் பகுப்பவை. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைத் திங்கள்களில் அவற்றை அமைப்பது மரபு. எரிக்சன் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாக வகுத்ததோடு இதனைச் சமமாக வைத்தல் பொருந்தாது. இது பாட்டியல் மரபேயன்றி உளவியல் அன்று. ஆயினும் அதன் போக்கு சிந்திக்கத்தக்கது. தாலாட்டும் மடியில் தொடங்கும் ஆண்பிள்ளை அடி அடியாக முற்றத்துக்கும் பின்னர்த் தெருவுக்கும் நகர்கிறான். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்தும், சிறுபறை முழக்கியும், சிறுதேர் உருட்டியும் வெளியுலகை அடைகிறான். விலகுதலைப் படிப்படியான ஆட்டமாகக் கண்ட கற்பனை இது.

புலம்பெயர்ந்த இல்லம்

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். தொழில்மயமாகும் நாடெங்கும் கணவன், மனைவி, மக்கள் மட்டுமுள்ள சிறு குடும்பமே மேலோங்கும் என்று வில்லியம் குட் 1963இல் எழுதினார். அதனை ஏற்று நம் இதழ்களும் ‘கூட்டுக் குடும்பம் அழிந்தது’ என்று பல்லாண்டு புலம்பின. குஜராத்தில் ஆய்வு செய்த ஐ. பி. தேசாயும் ஏ. எம். ஷாவும் இதனைத் திருத்தினர். மகுவா என்னும் ஊரைப் பற்றி 1964இல் எழுதிய தேசாய், ஒரே கூரையும் ஒரே அடுப்புமே கூட்டுக் குடும்பத்தின் அளவுகோலல்ல, கடமையும் உடைமையும் எவ்வளவு தொடர்கின்றன என்பதே அளவுகோல் என்றார். ஷா 1973இல் வெளியிட்ட நூலில் ‘வீடு’ வேறு, ‘குடும்பம்’ வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒரு சிற்றூரின் 1825ஆம் ஆண்டுக் குறிப்புகளைக் கொண்டு, அக்காலத்திலும் சிறு வீடுகள் பல இருந்தன என்பதையும் நிறுவினார். ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி, தங்கை திருமணத்துக்குக் கடன் வாங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை எல்.டி.சி. சலுகையில் சொந்த ஊர் சென்று வரும் நம்மவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. நம் வீடு இரண்டு அறை. நம் குடும்பம் இரண்டாயிரம் கிலோமீட்டர்.

ஆனால் கடமை அவ்வளவு தொலைவையும் கடக்கும், மடி கடக்காது. பிள்ளை அழும்போது தூக்குவதற்கு அத்தை இல்லை. தந்தை சினந்தால் ஓடி ஒளிய மாமன் வீடு இல்லை. பாட்டி கோடை விடுமுறையில் மட்டும் காணும் உறவு. சொற்கள் உடன் வந்தன. அச்சொற்களுக்குரிய மனிதர் வரவில்லை. எஞ்சிய இடத்தை ‘அங்கிள்’, ‘ஆண்ட்டி’ என்னும் இரு சொற்கள் நிரப்புகின்றன. மாமன், அத்தை, சித்தி, பெரியம்மா என்ற வேறுபாடுகள் அனைத்தையும் அவை கரைத்துவிடுகின்றன. சூழலின் இலக்கணமும் வேறு. வடபுலத்தில் மாமன் மகள் தங்கை. ஆவணிப் பௌர்ணமியில் ராக்கி கட்டுபவள். பள்ளித் தோழரைப் பார்த்து நம் சிறுமியும் ஊரிலிருந்து வந்த மாமன் மகனுக்கு ராக்கி கட்டினால், பெரியவர் சிரிப்பர். குழந்தைகளுக்கு அச்சிரிப்பின் காரணம் விளங்காது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலும் இவ்விரு இலக்கணங்கள் மோதுவதைக் காணலாம். சகோதரன், சகோதரி ஆகியோரின் மக்கள் தம்முள் மணத்தல் அச்சட்டத்தில் விலக்கப்பட்ட உறவு. வழக்காறு இசைந்தால் மட்டும் விலக்கு இல்லை. நமக்கு விதியாக உள்ளது நாட்டுச் சட்டத்தில் விதிவிலக்காக நிற்கிறது.

இந்த இல்லத்தில் தாயின் நிலை யாது? அவள் மாமன் மகளாகவே வந்திருப்பினும், மொழி தெரியாத நகரத்தில், கணவன் அலுவலகம் சென்றபின் நாள் முழுதும் தனித்திருக்கும் அந்நியள். அவளுடைய பேச்சுக்கும் பாசத்துக்கும் அருகிலுள்ள ஒரே துணை குழந்தை. கக்கர் கூறிய சங்கிலியின் முதலிரு கண்ணிகள் ஊரில் தளர்ந்திருந்தன. இங்கோ அவை வேறு உலையில் மீண்டும் வார்க்கப்படுகின்றன. தாய்க்கும் மகனுக்கும் இடையே அவர் கண்ட அளவு மீறிய பிணிப்பு, தஞ்சையிலோ நெல்லையிலோ உள்ள வீட்டைவிடத் தில்லியிலும் மும்பையிலும் உள்ள தமிழ் வீட்டுக்கே மிகுதியாகப் பொருந்தும் என்பது நம் கருத்து. தில்லியில் வளர்ந்த ஆதவன் தம் ‘காகித மலர்க’ளில் படைத்த அரசு அதிகாரியின் குடும்பம் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பெற்றோரும் மூன்று மகன்களும் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து, ஒருவர் கண்ணுக்காக மற்றவர் வேடம் புனைந்து மூச்சுமுட்டும் இல்லம் அது.

கோட்பாடு பொருந்துகிறதாயின் காரணத்தைக் குறித்து ஏன் வழக்காட வேண்டும் என்று கேட்கலாம். காரணம் மாறினால் பழி மாறும். பழி மாறினால் மருந்தும் மாறும். பிணிப்புக்குக் காரணம் ‘இந்தியப் பண்பாடு’ என்றால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தாய். “பிள்ளையை வளரவிடாதவள்” என்னும் பழி அவள்மீது விழும்; மருமகள் வந்தபின் அப்பழி இரட்டிக்கும். காரணம் தனிமை என்றால், நீக்க வேண்டியது தனிமையையே. அவளுக்கு மொழி வேண்டும், வெளியுலகம் வேண்டும், தனக்கென ஒரு பணியோ தோழமையோ வேண்டும். தந்தை எட்டி நிற்பதைக் கைவிட வேண்டும். ஊரில் மாமன் செய்ததில் ஒரு பாதியையேனும் இங்கே அவர்தாம் செய்தாக வேண்டும். பெண்பிள்ளைக்குச் ‘சீர்’ என்பதன் பொருள் பொன்னும் பாத்திரமும் அல்ல, தன்பின்னே ஒருவர் நிற்கிறார் என்னும் துணிவே என்பதை அவள் உணருமாறு வளர்க்க வேண்டும். மாமன் மகனை மணந்தாலும், வேற்று மொழியினனை மணந்தாலும், மணவாமலே இருந்தாலும் அத்துணிவு அவளுக்கு உரியது.

முடிபு

கக்கரின் நூல் படிக்கத்தக்கது. நம் இல்லங்களில் வளர்ந்த இளைஞர்கள் கட்டாயம் படிக்கத்தக்கது. பிள்ளையின் உள்ளத்துக்கு வழி தாயின் நிலையிலும், தாயின் நிலைக்கு வழி திருமண முறையிலும் உள்ளது என்று அது நமக்குக் கற்பித்தது. அவ்வழியே அந்நூலாசிரியர் சென்ற தொலைவுக்கு அப்பாலும் நாம் செல்ல முடிகிறது என்பதே அதன் சிறப்புக்குச் சான்று. அதன் குறை, ஒரு புலத்து வீட்டை நாட்டின் வீடாகக் கொண்டது.

வடபுலத்துக் குடும்பத்தைக் கக்கர் எழுதினார். தமிழகத்துக் குடும்பத்தை டிராவிக் எழுதினார். தமிழ்ச் சொற்களோடு வடபுலத்தில் வாழும் மூன்றாவது வீட்டையோ, நம் நாவலாசிரியர் சிலர் தொட்டுக் காட்டியதற்கு மேல் முறையாக எழுத வேண்டியிருக்கிறது. அதற்குரிய சான்றுகள் அயல்நாட்டு நூலகங்களில் இல்லை. நம் இல்லத்துத் தாய்மார் நினைவில் உள்ளன. இந்நகரங்களுக்கு முதன்முதல் மணமகளாய் வந்திறங்கிய மூதாட்டியர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பிள்ளைகளை யார் துணையுடன் வளர்த்தீர்கள், யாரும் இல்லாத நாட்களில் என்ன செய்தீர்கள் என்று நம் சங்கத்து இளைஞர் எவரேனும் அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைப்பராயின், அந்நூலின் முதல் இயல் தொடங்கிவிடும். கேட்பதற்கு உரிய காலம் குறுகி வருகிறது.